ஊறுணர்வும் எந்திர மனிதனும்

உயிர்களை அவற்றிற்குரிய அறிவின் அளவு கொண்டு வகுத்துக் காட்டுவது ஜினாகமத்தின் தொன்மையான முறையாகும். மெய், வாய், மூக்கு, கண், செவி என்னும் ஐந்து பொறிகளுள் மெய்யே முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. ஏனைய நான்கும் சில உயிர்களுக்கு உண்டு, சில உயிர்களுக்கு இல்லை. மெய்யினால் அறியும் ஊறுணர்வு இல்லாத சம்சாரி ஜீவன் எங்கும் இல்லை. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடலாக உடைய உயிர்களும், மரம் செடி கொடி முதலிய தாவர உயிர்களும் இந்த ஒரு பொறியை மட்டுமே கொண்டு வாழ்கின்றன. ஆதலின் அவை ஏகேந்திரிய ஜீவன்கள் எனப்பட்டன. தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவு உயிர் முதலாக எண்ணிச் செல்வதையும், நம் பவணந்தி முனிவர் நன்னூல் உரியியலில் ஐயறிவு வரையில் வகுத்து நிறுத்துவதையும் தமிழ் கற்றோர் நன்கு அறிவர்.

இக்காலத்து விஞ்ஞானிகள் எந்திர மனிதனுக்கு, அதாவது ரோபோவுக்கு, இந்த ஊறுணர்வை ஊட்டப் பெருமுயற்சி செய்து வருகின்றனர். அதில் வியக்கத்தக்க அளவு வெற்றியும் கண்டுள்ளனர். செய்தித்தாளில் இதனைப் படிக்கும் நம் இளைஞர்கள் ஒரு வினாவை எழுப்புவது இயல்பே. "தொட்டால் அறிகின்ற பொருள் ஏகேந்திரிய ஜீவன் என்றால், தொட்டால் அறிகின்ற எந்திரமும் ஏகேந்திரிய ஜீவனாகுமா? ஆகாது என்றால், எதனால் ஆகாது?" என்பதே அவ்வினா. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடலாகாது. ஜீவன் இது, அஜீவன் இது என்று பகுத்தறிவதே நற்காட்சியின் அடிப்படை. எனவே முதலில் ஆகமம் கூறும் ஊறுணர்வையும், அடுத்து விஞ்ஞானம் செய்திருப்பதையும், பின்னர் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டையும் முறையாகக் காண்போம்.

ஊறு எட்டு

தொட்டறியப்படும் குணங்கள் எட்டு என்பது ஆகமக் கொள்கை. வெம்மை, தண்மை, மென்மை, வன்மை, நொய்ம்மை, கனம், வழவழப்பு, சொரசொரப்பு என்பன அவை. வழவழப்பை இழுமெனல் என்றும், சொரசொரப்பைச் சருச்சரை என்றும் தமிழ் உரைநூல்கள் வழங்கும். வடமொழியில் இவ்விரண்டும் ஸ்நிக்தம், ரூக்ஷம் எனப்படும். இவை எட்டும் புத்கலத்தின் குணங்களே என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். வெம்மையும் மென்மையும் தொடப்படும் பொருளின் பண்புகள். அவற்றை அறிதல் மட்டுமே ஜீவனின் பண்பு. இந்த வேறுபாடு பின்னர் நமக்கு மிகவும் பயன்படும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. கண்ணும் மனமும் பொருளைத் தீண்டாமலே அறிவன. மெய், வாய், மூக்கு, செவி ஆகிய நான்கும் பொருளொடு கூடிய பின்னரே அறிவன. ஆகவேதான் தீண்டி அறியும் இந்நான்கு பொறிகளுக்கு மட்டும் வியஞ்சனாவக்கிரகம் என்னும் தெளிவற்ற முதல்நிலை உண்டென்று நம் ஆசாரியர்கள் கூறினர். இதற்குப் பூஜ்யபாத சுவாமிகள் காட்டும் உவமை எளியது. புதிய மண்கலத்தில் இரண்டு மூன்று நீர்த்துளிகள் விழுந்தால் கலம் நனைந்ததாகத் தெரியாது. துளிகள் மேலும் மேலும் விழவே கலம் ஈரமாகி வெளிப்படத் தோன்றும். அதுபோலத் தீண்டல் நிகழ்ந்த முதற்கணங்களில் அறிவு வெளிப்படாது நின்று, பின்னரே தெளிவடைகிறது.

எந்திரத்திற்கு ஊறுணர்வு ஏன்?

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 'யூனிமேட்' என்னும் எந்திரக் கை பணியில் அமர்த்தப்பட்டது. தொழிற்சாலையில் வேலை செய்த முதல் எந்திர மனிதன் இதுவே என்பர். சூடான உலோக வார்ப்புகளை எடுத்து அடுக்குவது இதன் பணி. கட்டளையிட்ட இடத்திற்கு இதன் கை செல்லும், பற்றும், எடுக்கும், வைக்கும். அங்கே வார்ப்பு இருந்தாலும் ஒன்றே, இல்லாவிட்டாலும் ஒன்றே. ஒரு மனிதரின் கை இருந்தாலும் அதற்கு வேறுபாடு தெரியாது. இதனால்தான் தொழிற்சாலைகளில் இத்தகைய எந்திரங்களைச் சுற்றி வேலியிட்டு, மனிதர் நெருங்காதவாறு காத்தனர். ஊறுணர்வு இல்லாத வலிமை எத்துணை ஆபத்தானது என்பதற்கு அந்த வேலியே சான்றாகும்.

அதே 1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹைன்ரிக் எர்ன்ஸ்ட் என்னும் ஆராய்ச்சி மாணவர் கணிப்பொறியால் இயங்கும் கை ஒன்றை அமைத்தார். அதற்குக் கண் இல்லை. விரல்களில் தொடுவுணரிகள் மட்டும் இருந்தன. பார்வையற்றவர் மேசையைத் தடவிப் பொருளைத் தேடுவதுபோல அது தடவிச் சென்று, மரக்கட்டைகளைக் கண்டறிந்து எடுத்தது. பின்னர் பல ஆண்டுகள் ஆய்வாளர்களின் கருத்து பெரும்பாலும் காமிராக் கண்களின் பக்கமே சென்றது. கண் தொலைவிலிருந்தே அறிவதால் அது எளிதாகத் தோன்றியது. ஆனால், பொருளைப் பற்றிய பின் விரல்களே அதனை மறைத்துவிடுகின்றன. பழம் கனிந்ததா, காயா என்பதும், கண்ணாடிக் குவளை நழுவுகிறதா என்பதும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தீண்டி அறிய வேண்டியதைத் தீண்டியே அறியவேண்டும்.

மனிதக் கையின் திறத்தை ஆராய்ந்தபோது இது மேலும் தெளிவாயிற்று. சுவீடன் நாட்டின் யோஹான்சன், வால்போ ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கையின் உட்புறத் தோலில் ஏறத்தாழ 17,000 தொடுவுணர்வு நரம்பு முனைகள் உள்ளன. அவை நான்கு வகைப்படும். சில, அழுத்தம் நீடிக்கும் வரையில் தொடர்ந்து செய்தி அனுப்புவன. சில, தொடும் கணத்திலும் விடும் கணத்திலும் மட்டுமே செய்தி அனுப்புவன. சில, தோல் இழுபடுவதை அறிவன. சில, மிக நுண்ணிய அதிர்வையும் அறிவன. கையிலுள்ள பொருள் சிறிது நழுவத் தொடங்கினால், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், நாம் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, பிடி இறுகிவிடுகிறது. மருந்தால் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்தால், கண் நன்றாகத் தெரிந்தும், ஒரு தீக்குச்சியைக் கிழிப்பதும் பெரும்பாடாகிவிடும். வெப்பத்தையும் தொடுகையையும் நரம்புகள் ஏற்கும் வாயில்களைக் கண்டறிந்தமைக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எட்டினையும் எந்திரம் அறியும் முறை

ஆகமம் கூறும் எட்டு ஊறுகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் எந்திரம் எவ்வாறு அளக்கிறது என்று பார்த்தால் பாடம் எளிதில் மனத்திற் பதியும்.

மென்மையும் வன்மையும்: அழுத்தும்போது மின்தடை மாறுகின்ற ரப்பர் போன்ற பொருள்கள் உள்ளன. இரு மெல்லிய உலோகத் தகடுகளிடையே நெகிழும் பொருளை வைத்து அழுத்தினால், தகடுகள் நெருங்கி அவற்றின் மின்தேக்கும் திறன் மாறும். இம்மாற்றங்களை அளந்து எவ்வளவு அழுத்தம் ஏற்பட்டது என்று கணிப்பொறி கண்டுகொள்கிறது. விரல் எவ்வளவு தூரம் அமிழ்ந்தது என்பதையும், எவ்வளவு எதிர்விசை வந்தது என்பதையும் ஒப்பிட்டால் பொருள் மெல்லியதா வலியதா என்பது கிடைத்துவிடும்.

வழவழப்பும் சொரசொரப்பும்: விரலை ஒரு பரப்பின்மேல் நகர்த்தினால் அதிர்வு உண்டாகும். அந்த அதிர்வே பரப்பின் தன்மையைக் காட்டும். அழுத்தினால் மின்சாரம் தோன்றும் படிகங்களை 1880இல் பிரான்சு நாட்டின் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். அவ்வகைப் பொருள்கள் இங்கே பயன்படுகின்றன. 'பயோடாக்' என்னும் செயற்கை விரலில், தோல் போன்ற உறையின் உள்ளே திரவம் நிரம்பியிருக்கும். தோலில் எழும் அதிர்வு திரவத்தின் வழியே உள்ளிருக்கும் உணரியை அடையும். ஃபிஷெல், லோப் ஆகிய ஆய்வாளர்கள் 2012இல் இவ்விரலைக் கொண்டு 117 வகைப் பரப்புகளைத் தடவச் செய்து, நூற்றுக்கு 95 அளவில் சரியாக அடையாளம் காணச் செய்தனர். துணி, தாள், மரம், தோல் எனப் பலவும் அவற்றுள் அடங்கும்.

வெம்மையும் தண்மையும்: ஒரே அறையில் கிடக்கும் இரும்பும் மரமும் ஒரே வெப்பநிலையில் இருப்பினும், தொட்டால் இரும்பு தண்ணென்றிருக்கும். நம் விரலின் வெப்பத்தை இரும்பு விரைவில் இழுத்துக்கொள்வதே காரணம். எந்திர விரலையும் உடற்சூட்டின் அளவில் சூடாக்கி வைத்து, வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்று அளந்து, தொட்டது உலோகமா மரமா என்று அறியச் செய்கின்றனர்.

நொய்ம்மையும் கனமும்: இவை விரல் தோலால் மட்டும் அறியப்படுவன அல்ல. எந்திரத்தின் மணிக்கட்டில் விசையளக்கும் உணரியை அமைத்தும், மோட்டார் ஏற்கும் மின்சாரத்தின் அளவைக் கொண்டும் எடை அறியப்படுகிறது.

இவற்றோடு பொருளின் வடிவத்தை அறிவதற்கும் ஒரு வழி கண்டனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜான்சன், அடெல்சன் ஆகிய இருவரும் 2009இல் 'ஜெல்சைட்' என்னும் கருவியை வெளியிட்டனர். மெல்லிய பசை போன்ற ஒரு திண்டின் மேற்புறத்தில் ஒளியைத் திருப்பும் பூச்சு இருக்கும். பொருள் படிந்த இடத்தில் திண்டு குழியும். அதன் அடியிலிருந்து பல நிற விளக்குகள் பல திசைகளில் ஒளிவீச, காமிரா அக்குழியைப் படம் பிடிக்கும். நிறங்களின் சாயலைக் கொண்டு குழியின் ஆழம் கணக்கிடப்படும். தீண்டலைக் கண்ணால் அறியும் வகை இது எனலாம்.

விரலில் மட்டுமன்றி மேனி முழுவதும் ஊறுணர்வு பரந்திருப்பதே உயிர்களின் இயல்பு. அதற்கேற்ப எந்திரத்திற்கும் தோல் போர்த்த முயன்றனர். ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கோர்டன் செங் குழுவினர் 2019இல் காட்டிய எந்திர மனிதனின் மேனியில் 1,260 அறுகோணத் துண்டுகளும், அவற்றில் 13,000க்கு மேற்பட்ட உணரிகளும் இருந்தன. அத்தனை உணரிகளும் ஓயாது செய்தி அனுப்பினால் கணிப்பொறி திணறிவிடும். ஆகவே மாற்றம் நிகழ்ந்த இடத்துத் துண்டு மட்டுமே செய்தி அனுப்புமாறு செய்தனர். நாம் உடுத்தியிருக்கும் ஆடையைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுவதை இது ஒத்திருக்கிறது.

விளைந்த நன்மைகள்

இம்முயற்சியால் துன்பம் நீங்கிய மக்களும் உண்டு. வாணவெடி விபத்தில் கையை இழந்த டென்மார்க் நாட்டவர் ஒருவருக்கு, ரோம் நகரில் மேற்கையின் நரம்புகளில் மின்முனைகள் பொருத்தப்பட்டன. செயற்கைக் கையின் உணரிகள் அனுப்பிய செய்தி அந்நரம்புகளின் வழியே சென்றது. கண்ணைக் கட்டிய நிலையிலும், பற்றிய பொருள் மெத்தென்றிருக்கிறதா, கடினமா, உருண்டையா என்பதை அவர் உணர்ந்து கூறினார். இச்செய்தி 2014இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கைகால் செயலிழந்த ஒருவர் தம் எண்ணத்தால் எந்திரக் கையை இயக்கினார். கண்ணால் பார்த்து மட்டும் இயக்கியபோது ஒரு பொருளை எடுத்து வைக்க ஏறத்தாழ 20.9 விநாடி பிடித்தது. தொடுவுணர்வையும் மூளைக்குத் திருப்பி அனுப்பியபோது அது 10.2 விநாடியாகக் குறைந்தது. இது 2021இல் வெளியான ஆய்வு.

மருத்துவர் தொலைவில் அமர்ந்து எந்திரக் கைகளால் அறுவை செய்யும் 'டாவின்சி' முறை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும், திசுவை எவ்வளவு இழுக்கிறோம் என்பதை மருத்துவரின் விரல் அறிய வழியில்லாமலே பல்லாண்டுகள் சென்றன. 2024இல் ஒப்புதல் பெற்ற ஐந்தாம் தலைமுறைக் கருவியில்தான் அவ்விசையை மருத்துவரின் கைக்கு உணர்த்தும் அமைப்பு சேர்க்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றைக் கருதவேண்டும். மேற்கண்ட மூன்று நிகழ்ச்சிகளிலும் உணர்ந்தவர் யார்? எந்திரமா? இல்லை. மனிதரே உணர்ந்தார். எந்திரம் அவருக்குக் கருவியாக நின்றது. மனிதர் யாரும் இணைக்கப்படாத எந்திரத்தில் உணர்பவர் யார் என்பதே இனி நாம் ஆராய வேண்டியது.

திரவியேந்திரியமும் பாவேந்திரியமும்

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் பொறிகளை இருவகையாகப் பகுத்தார். புத்கலத்தால் அமைந்த உறுப்பு திரவியேந்திரியம். இதில் உறுப்பின் அமைப்பாகிய நிர்விருத்தியும், அதற்குத் துணை செய்யும் உபகரணமும் அடங்கும். உள்ளே ஆன்மாவின் அறியும் நிலை பாவேந்திரியம். இதில் லப்தி, உபயோகம் என்னும் இரண்டு உள்ளன. அறிவை மறைக்கும் கர்மம் ஓரளவு விலகியதால் ஆன்மாவுக்குக் கிடைத்த ஆற்றல் லப்தி. அந்த ஆற்றல் ஒரு பொருளின்மேல் செலுத்தப்படும்போது நிகழும் அறிதல் உபயோகம். ஜீவனின் இலக்கணமே இந்த உபயோகம்தான் என்பது அதே அத்தியாயம் தரும் முடிவு.

இறந்தவர் உடலில் தோலும் நரம்பும் சிறிது நேரம் கெடாமல் இருக்கின்றன. ஆயினும் தீயிலிட்டால் அவ்வுடல் உணர்வதில்லை. திரவியேந்திரியம் இருந்தும் பாவேந்திரியம் இல்லாமையே காரணம். எந்திர மனிதனுக்கு விஞ்ஞானம் செய்து தந்திருப்பது, மிகுத்துச் சொன்னாலும், திரவியேந்திரியத்தின் ஒரு போலியே. அதுவும் நாமகர்மத்தின் உதயத்தால் ஓர் ஆன்மா தனக்கென அமைத்துக்கொண்ட உறுப்பன்று. பிறர் செய்து மாட்டிய உறுப்பு.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். "ஆகமம் கூறும் அவக்கிரகம், ஈகை, அவாயம், தாரணை என்னும் மதிஞானத்தின் நான்கு படிகளும் எந்திரத்தில் உள்ளனவே. ஏதோ தொட்டது என்ற செய்தி வருகிறது. அது எதுவாக இருக்கும் என்று கணிப்பொறி ஒப்பிட்டுத் தேடுகிறது. இன்னது எனத் துணிகிறது. அதை நினைவில் இருத்திப் பின்னர் பயன்படுத்துகிறது" என்பர். ஒப்புமை உண்மையே. அவ்வாறு ஒத்திருக்குமாறு அறிஞர்கள் அதனைச் செய்துள்ளனர். கண்ணாடியில் தோன்றும் விளக்கும் சுடர் போலவே தோன்றும். ஆனால் அது சுடுவதில்லை. எந்திரத்தில் நிகழ்வது ஒரு மின்னளவு வேறொரு மின்னளவாக மாறுவதே. அவ்வளவைக் கொண்டு 'இது வெம்மை' என்று தன்னளவில் அறிந்து, இன்பமோ துன்பமோ எய்துபவர் அங்கு ஒருவரும் இல்லை. ஏகேந்திரிய ஜீவனுக்கு உரிய பிராணங்கள் நான்கு: மெய்ப்பொறி, உடல்வலி, உயிர்ப்பு, ஆயுள். எந்திரத்தில் முதலிரண்டின் போலி மட்டும் காணப்படும். உயிர்ப்பும் ஆயுளும் இல்லை. உணவு, அச்சம், புணர்ச்சி, பற்று என்னும் நான்கு சஞ்ஞைகளும் இல்லை.

தொட்டாற்சிணுங்கி தொட்டவுடன் இலை மடக்கும். ஆலமரம் மடக்காது. இரண்டும் ஏகேந்திரிய உயிர்களே. எந்திரக் கையும் தொட்டவுடன் விலகும். அது உயிரன்று. ஆகவே வெளியில் தோன்றும் அசைவைக் கொண்டு உயிரைத் துணிதல் கூடாது என்பது தெளிவு.

"பொருள்கள் இன்னும் நுட்பமாகச் சேர்ந்தால் அறிவு தானே தோன்றாதோ?" என்பதும் புதிய வினாவன்று. பூதங்கள் கூடிய கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்ற பூதவாதியின் கொள்கையை நீலகேசி ஒரு சருக்கம் முழுவதும் எடுத்து மறுத்துள்ளது. ஜீவன் அநாதியானது, எவராலும் செய்யப்படாதது என்பதே நம் சித்தாந்தம்.

வேலூரில் கண்ட உண்மை

இவ்வேறுபாட்டை நடைமுறையில் விளங்கக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்தார். நோயினால் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே அந்நாளில் பலரும் நம்பியிருந்தனர். உண்மை அதுவன்று என்று அவர் கண்டார். நோய் நரம்பைத் தாக்கி ஊறுணர்வை அழிக்கிறது. வலி தெரியாமையால் நோயாளர் சூடான பாத்திரத்தைப் பற்றுகின்றனர், காயத்தோடே உழைக்கின்றனர். அதனாலேயே கைகால்கள் சிதைகின்றன. வலி என்பது உடலைக் காக்கும் காவலன் என்பது இதனால் புலனாயிற்று.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற அவர், பொறியாளர்களின் துணையோடு செயற்கை வலி உணர்த்தும் கருவியை ஆக்க முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் வைக்கப்பட்டன. அளவு மீறினால் முதலில் ஒலி எழுப்பச் செய்தனர். நோயாளர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் உடலின் உணர்வுள்ள பகுதியில் மின்னதிர்ச்சி தருமாறு அமைத்தனர். வேலையில் முனைந்திருந்த நோயாளர் கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்தபின் மீண்டும் இயக்கிக்கொண்டனர். முயற்சி கைவிடப்பட்டது. உணரிகள் சரியாகவே அளந்தன. செய்தியும் சரியாகவே வந்தது. ஆயினும் அது அவர்களுக்கு 'என் வலி' ஆகவில்லை. அளத்தல் வேறு, உணர்தல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. உணரும் ஆன்மா உள்ள மனிதரிடத்தேயே வெளியிலிருந்து வந்த செய்தி உணர்வாக மாறவில்லை எனில், ஆன்மாவே இல்லாத எந்திரத்தில் அது உணர்வாகும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

அஹிம்சை நோக்கில்

எந்திரம் அஜீவன் என்று துணிந்த பின்னரும் சிராவகர் சிந்திக்க வேண்டியவை மூன்று உள்ளன.

முதலாவது, எந்திரத்தை உடைத்தால் ஹிம்சையா? அதற்குப் பிராணம் இல்லாமையால் திரவிய ஹிம்சை இல்லை. ஆனால், சினங்கொண்டு அதனை ஓர் உயிராகவே கருதி வதைப்பவன் நிலை என்ன? யசோதர காவியத்தை நினைவுகூர்க. யசோதர மன்னன் தன் தாய் சந்திரமதியின் சொற்கேட்டு, உயிர்க்கோழிக்கு மாற்றாக மாவினாற் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிட்டான். கொல்லும் எண்ணத்தோடு செய்த அச்செயலின் விளைவாகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றிற் புகுந்து துன்புற்றனர். தொட்டால் நடுங்கி, அடித்தால் அலறுமாறு செய்யப்பட்ட எந்திரத்தைக் குழந்தைகள் விளையாட்டாக வதைத்துப் பழகினால், எந்திரத்திற்குக் கேடில்லை. குழந்தையின் உள்ளத்தில் பாவ ஹிம்சை வேர்கொள்ளும். பெற்றோர் இதனைக் கருத்தில் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, எந்திரம் ஓர் உயிருக்குத் தீங்கு செய்தால் குற்றம் யாருடையது? பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், பிராணங்களைச் சிதைத்தலே ஹிம்சை என்று ஆகமம் இலக்கணம் வகுத்துள்ளது. எந்திரத்திற்குப் பிரமாதமும் இல்லை, அப்பிரமாதமும் இல்லை. அதனைச் செய்தவர், ஏவியவர், கண்டும் இசைந்தவர் ஆகியோரையே வினை சாரும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் விரதங்கள் கூறுவது இதற்காகவே. "எந்திரம் செய்தது" என்று சொல்லித் தப்ப இயலாது. இதன் மறுபுறமும் உண்மை. எந்திரக் கைக்கு மென்மையைக் கற்பித்து, வேலிக்குள் வைக்க வேண்டிய முரட்டு வலிமையை உயிர்களின் அருகே தீங்கின்றி இயங்கச் செய்பவர்கள் அஹிம்சைக்குத் துணை நிற்கின்றனர். நம் முனிவர்கள் மயிற்பீலியை ஏந்துவது, அது தூசியையும் வியர்வையையும் ஏற்காது, மென்மையும் நொய்ம்மையும் உடையது என்பதற்காகவே. சிற்றுயிர்க்கும் நோவு தராத தொடுகையை அவர்கள் நாடினர். கருவி மென்மையாக இருக்கவேண்டும் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று.

மூன்றாவதே நம் இல்லங்களை நேரே தொடுவது. ஜப்பான் நாட்டு ரிகென் ஆய்வு நிறுவனத்தார் 2009இல் 'ரிபா' என்னும் எந்திரத்தைக் காட்டினர். கரடி முகமும் மென்மையான மேனியும் உடைய அது, கைகளிலுள்ள தொடுவுணரிகளின் துணையால் 61 கிலோ எடையுள்ள மனிதரைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் அமர்த்தியது. முதியோர் பெருகி, பணிவிடை செய்வோர் குறைந்துவரும் நாடுகளில் இது தேவையாகிறது. தூக்குபவரின் முதுகெலும்பு காக்கப்படுகிறது. நோயாளியும் விழாமல் காக்கப்படுகிறார். இதனைக் குறைகூற இடமில்லை.

ஆயினும், பிணியாளர்க்கும் தவத்தோர்க்கும் செய்யும் பணிவிடையை வையாவிருத்தியம் என்று பெயரிட்டு, அகத்தவம் ஆறனுள் ஒன்றாக ஆகமம் வைத்தது ஏன் என்று எண்ணுக. உடலைத் தூக்குவது மட்டுமே நோக்கமாயின் அது தவமாகாது, கூலிவேலையே ஆகும். பிணியாளரின் மேனியைத் தொடும்போது அவர் நோவைத் தன் நோவாக எண்ணி, அருவருப்பை வென்று, மானத்தை விட்டுச் செய்பவரின் ஆன்மாவில் கர்மங்கள் உதிர்கின்றன. இந்த நிர்ஜரையை எந்திரம் நமக்காகச் செய்து தரமுடியாது. உண்ணாநோன்பை ஒருவருக்காக மற்றொருவர் நோற்க இயலாதது போன்றதே இது. முதுமையுற்ற தாய் தந்தையர் மகனின் கையைத் தேடுவது தூக்கிவிடுவதற்காக மட்டுமன்று. அந்தக் கையில் வெம்மை, மென்மை முதலிய எட்டிற்கும் அப்பால், தம்மை அறிகின்ற ஓர் உயிர் இருக்கிறது என்பதற்காகவே. எட்டினையும் அளக்கும் எந்திரத்தைச் செய்துவிட்டனர். அறிகின்ற உயிரைச் செய்யவில்லை, செய்யவும் இயலாது.

தொகுப்புரை

ஊறு எட்டும் புத்கலத்தின் குணங்கள். அவற்றை அளப்பது எந்திரத்தால் கூடும். அவற்றை அறிவது ஜீவனால் மட்டுமே கூடும். எந்திரத்தின் தொடுகை திரவியேந்திரியத்தின் போலி. அதில் லப்தியும் உபயோகமும் இல்லை. ஆதலின் அது ஏகேந்திரிய ஜீவன் அன்று. அதனைக் கொண்டு செய்யப்படும் நன்மை தீமைகளின் வினை அதனை இயக்கும் ஆன்மாவையே சாரும்.

ஒரு புல்லின் நுனிக்கும் இல்லாத பெருங்கணக்குத் திறன் எந்திரத்திற்கு உண்டு. எந்த எந்திரத்திற்கும் இல்லாத ஊறுணர்வு அந்தப் புல்லுக்கு உண்டு. எந்திரத்தின் விரலைக் கண்டு வியக்கும் நாம், காலடியில் மிதிபடும் புல்லைக் கண்டும் சிறிது தயங்கி நடப்போமாக.

பயிற்சி வினாக்கள்

1. ஊறு எட்டும் யாவை? அவை எப்பொருளின் குணங்கள்?
2. கண்ணுக்கு வியஞ்சனாவக்கிரகம் இல்லை என்பது ஏன்?
3. லப்தி, உபயோகம் என்பவற்றை விளக்குக. எந்திரத்தில் இவை இன்மையை எவ்வாறு நிறுவுவாய்?
4. செயற்கை வலி உணர்த்தும் கருவி பயன்படாது போனதிலிருந்து அறியும் தத்துவம் யாது?
5. வையாவிருத்தியம் அகத்தவமாக எண்ணப்படுவது ஏன்?

ஜினதருமம் வளர்க!